நிறுத்திப் பார்ப்பது, ஓடவிட்டுப் பார்ப்பது: மைக்ரோகன்ட்ரோலருக்கு டிபக் கருவி அமைப்பது எப்படி?

மைக்ரோகன்ட்ரோலரில் நிரல் எழுதப் பழகும் எவரும் பிழை தேட முதலில் கைக்கொள்ளும் வழி, சீரியல் போர்ட்டில் ஒரு வரியை அச்சிட்டுப் பார்ப்பதுதான். 'இங்கே வந்துவிட்டேன்', 'வெப்பநிலை 31' என்று திரையில் வந்தால் மனத்துக்கு ஒரு தெம்பு. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அந்த ஒரு வரி எவ்வளவு நேரத்தை விழுங்குகிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. நொடிக்கு 1,15,200 பிட் வேகத்தில், ஓர் எழுத்துக்கு 10 பிட் வீதம், 40 எழுத்து கொண்ட ஒரு வரி வெளியேற ஏறத்தாழ மூன்றரை மில்லிவிநாடி ஆகும். சிப் 84 மெகாஹெர்ட்ஸில் ஓடினால், அந்த இடைவெளியில் சுமார் 2,90,000 கிளாக் சுற்றுகள் கழிந்திருக்கும். எளிமையாக எழுதப்பட்ட அச்சிடும் ஃபங்ஷன் அத்தனை நேரமும் சும்மா காத்துக்கொண்டு நிற்கும். மோட்டாரின் வேகத்தை முதன்மைச் சுழலிலேயே மில்லிவிநாடிக்கு ஒருமுறை திருத்துகிற நிரலில் இப்படி ஒரு வரியைச் சேர்த்தால், மூன்று திருத்தங்கள் தவறிப்போகும். பிழையைத் தேடப் போட்ட வரி புதுப் பிழையை உண்டாக்கும். சில சமயம் பழைய பிழையை மறைத்தும் விடும்.

இதற்கு மாற்று சிப்புக்குள்ளேயே இருக்கிறது. ஆர்ம் நிறுவனத்தின் கார்டெக்ஸ்-எம் வகைச் சிப்புகளில், நிரலை வெளியிலிருந்து கண்காணிப்பதற்கென்றே தனி வன்பொருள் பதிக்கப்பட்டுள்ளது. கோர்சைட் என்பது அந்த ஏற்பாட்டின் பெயர். அது இரண்டு விதமான வேலைகளைச் செய்கிறது. ஒன்று, நிரலை ஓரிடத்தில் நிறுத்தி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது, இதுதான் டிபக். மற்றொன்று, நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அது என்ன செய்கிறது என்ற தகவலை வெளியே அனுப்புவது, இது டிரேஸ். தையல் இயந்திரத்தை நிறுத்தினால் ஊசி எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். நூல் எங்கே இழுபடுகிறது என்பது ஓடும்போதுதான் தெரியும். புதிதாகக் கற்பவர்கள் முதல் வேலையை அமைத்ததோடு நின்றுவிடுகிறார்கள். இரண்டாவதுக்குப் பல போர்டுகளில் இன்னும் ஒரே ஒரு ஒயர்தான் தேவைப்படுகிறது. அதையும் அன்றே அமைத்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

சிப்புக்குள் இருப்பவை

வெளியுலகத்துக்கான வாசலாக முதலில் வந்தது ஜேடேக். 1990-இல் ஐ.இ.இ.இ. 1149.1 என்ற எண்ணில் தரநிலையானது. போர்டில் சாலிடர் செய்யப்பட்ட சிப்புகளின் இணைப்புகள் சரியாக உள்ளனவா என்று சோதிப்பதற்காகவே அது உருவானது. நிரலின் பிழை தேடுவது பிறகு அதன்மேல் ஏறி உட்கார்ந்த பயன். அதற்குக் குறைந்தது நான்கு சிக்னல்கள் வேண்டும். பின்கள் குறைவான சிறிய சிப்புகளில் அது ஆடம்பரம் என்பதால், ஆர்ம் இரண்டே ஒயர்களில் அதே வேலையைச் செய்யும் எஸ்.டபிள்யூ.டி. முறையைக் கொண்டுவந்தது. ஒன்று கிளாக், மற்றொன்று இரு திசையிலும் செல்லும் டேட்டா. இன்று கார்டெக்ஸ்-எம் உலகில் பெரும்பாலும் புழங்குவது இதுதான்.

வாசலுக்குப் பின்னால் சில பகுதிகள் உள்ளன. கார்டெக்ஸ்-எம்3, எம்4 சிப்புகளில் பொதுவாக ஆறு பிரேக்பாயின்ட் ஒப்பீட்டிகள் இருக்கும். நிரலை நாம் குறித்த வரியில் நிறுத்துவதுதான் பிரேக்பாயின்ட். கணினியில் எத்தனை பிரேக்பாயின்ட் வேண்டுமானாலும் வைக்கலாமே, இங்கே ஏன் ஆறு என்று கேட்கத் தோன்றும். கணினியில் நிரல் ரேமில் இருப்பதால், டிபக்கர் அந்த இடத்துக் கட்டளையை எடுத்துவிட்டு 'நில்' என்ற கட்டளையை வைத்துவிடுகிறது. மைக்ரோகன்ட்ரோலரில் நிரல் ஃபிளாஷ் நினைவகத்திலேயே இருந்து ஓடுகிறது. நினைத்த மாத்திரத்தில் அதைத் திருத்தி எழுத முடியாது. ஆகவே, ஓடும் முகவரியை ஒவ்வொரு கணமும் ஒப்பிட்டுப் பார்க்கும் மின்சுற்றே தேவைப்படுகிறது. அந்த மின்சுற்று எத்தனை உண்டோ அத்தனைதான் பிரேக்பாயின்ட்.

இன்னொரு பகுதி டி.டபிள்யூ.டி. குறிப்பிட்ட நினைவக முகவரியை யாராவது தொட்டால் நிரலை நிறுத்தும் வாட்ச்பாயின்ட்கள் இதில்தான் உள்ளன, வழக்கமாக நான்கு. ஒரு மாறியின் மதிப்பு காரணமில்லாமல் மாறுகிறது, எந்த வரி மாற்றுகிறது என்று தெரியவில்லை என்றால், அதன்மேல் ஒரு வாட்ச்பாயின்ட் வைத்து ஓடவிட்டால் போதும். எல்லை தாண்டி எழுதும் அரே கையும் களவுமாகப் பிடிபடும். ஒரு விதிவிலக்கை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: பிராசஸர் எழுதுவதை மட்டுமே இது பார்க்கும். பிராசஸரின் உதவியில்லாமல் நினைவகத்தில் எழுதும் டி.எம்.ஏ. என்ற பகுதி அந்த இடத்தில் எழுதினால் வாட்ச்பாயின்ட் அசையாது. மதிப்பு மாறியிருக்கிறது, ஆனால் வாட்ச்பாயின்ட் நிரலை நிறுத்தவில்லை என்றால், டி.எம்.ஏ. பக்கம் சந்தேகத்தைத் திருப்பலாம். இதே டி.டபிள்யூ.டி.யில் ஒரு 32 பிட் கிளாக் எண்ணியும் இருக்கிறது. ஃபங்ஷனுக்கு முன்னும் பின்னும் அதைப் படித்துக் கழித்தால் எத்தனை சுற்று எடுத்தது என்று துல்லியமாகத் தெரியும். 84 மெகாஹெர்ட்ஸில் 51 நொடிக்கு ஒருமுறை அது பூஜ்யத்துக்குத் திரும்பும்.

மூன்றாவது ஐ.டி.எம். இதில் 32 சேனல்கள் உண்டு. நிரல் அவற்றில் எதை எழுதினாலும், அது எஸ்.டபிள்யூ.ஓ. என்ற ஒற்றைப் பின் வழியே வெளியே போகும். சில சிப்புகளில் இ.டி.எம். என்ற பகுதியும் சேர்ந்திருக்கும். நிரல் எந்தக் கிளையில் திரும்பியது என்பதை ஒன்று விடாமல் பதிவுசெய்வது அது. அந்த வெள்ளத்தை ஒற்றை ஒயரில் அனுப்ப இயலாது என்பதால், நான்கு டேட்டா ஒயரும் ஒரு கிளாக் ஒயரும் கொண்ட தனி வழி தேவைப்படும்.

வாங்குவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கார்டெக்ஸ்-எம்0, எம்0+ சிப்புகளில் ஐ.டி.எம். கிடையாது. 2021-இல் வந்த ராஸ்பெர்ரி பை பிக்கோவின் ஆர்.பி.2040 சிப் எம்0+ வகை. பிரேக்பாயின்ட் வைத்துப் பழக அது நல்ல போர்டுதான், எஸ்.டபிள்யூ.ஓ. டிரேஸ் பழக உதவாது.

எதில் தொடங்குவது

எஸ்.டி. மைக்ரோஎலக்ட்ரானிக்ஸின் நியூக்ளியோ எஃப்401ஆர்இ போர்டைப் பரிந்துரைப்பேன். 84 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும் கார்டெக்ஸ்-எம்4 சிப், 512 கிலோபைட் ஃபிளாஷ், 96 கிலோபைட் ரேம். முக்கியமான செய்தி இவை அல்ல. எஸ்டி-லிங்க் டிபக் கருவி அதே போர்டின் மேற்பகுதியில் சேர்ந்தே வருகிறது, எஸ்.டபிள்யூ.ஓ. ஒயரும் உள்ளேயே இணைக்கப்பட்டிருக்கிறது. யு.எஸ்.பி. கேபிளைச் செருகினால் வேலை தொடங்கிவிடலாம்.

பிறகு நீங்களே ஒரு போர்டு வடிவமைக்கும்போது, இதே எஸ்டி-லிங்க் பகுதியைத் தனிக் கருவியாகப் பயன்படுத்தலாம். சி.என்.2 என்று அச்சிட்ட இடத்தில் உள்ள இரண்டு ஜம்பர்களையும் எடுத்துவிட்டு, சி.என்.4 என்ற ஆறு பின் கனெக்டரிலிருந்து ஒயர் எடுக்க வேண்டும். ஜம்பரை எடுக்க மறந்தால், கருவி உங்கள் போர்டோடு சேர்த்து நியூக்ளியோவின் சொந்தச் சிப்போடும் பேச முயலும். கிடைக்கும் பதிலை நம்ப முடியாது.

சந்தையில் கிடைக்கும் மலிவான, பெரிய பென்டிரைவ் அளவிலான எஸ்டி-லிங்க் நகல்கள் நிரல் ஏற்றவும் நிறுத்திப் பார்க்கவும் போதும். ஆனால் அவற்றில் பலவற்றின் வெளிப் பின்களில் எஸ்.டபிள்யூ.ஓ. இருக்காது. அட்டையைப் பிரித்து உள்ளே நுண்ணிய ஒயரை சாலிடர் செய்து வெளியே கொண்டுவருபவர்கள் உண்டு. கை நடுங்காதவர்கள் முயலலாம். செகர் நிறுவனத்தின் ஜே-லிங்க் வேகமானது, தொழில்முறையில் நிலைத்த பெயர். பிளாக் மேஜிக் புரோபில், ஜி.டி.பி. என்ற டிபக்கர் மென்பொருளோடு பேசும் சர்வர் கருவிக்குள்ளேயே இயங்குவதால், கணினியில் இடைநிலை மென்பொருள் தேவையில்லை. மேலே சொன்ன நான்கு டேட்டா ஒயர் டிரேஸைப் பிடிக்க, எஃப்.பி.ஜி.ஏ. (வேண்டியபடி மின்சுற்றை அமைத்துக்கொள்ளும் சிப்) அடிப்படையிலான ஆர்ப்டிரேஸ் போன்ற திறந்த வடிவமைப்புக் கருவிகள் உள்ளன. இவையெல்லாம் பிறகு. தொடக்கத்திலேயே விலையுயர்ந்த கருவி வாங்குவதால் எந்தப் பிழையும் சீக்கிரம் பிடிபடப் போவதில்லை.

ஒயர்கள்

நியூக்ளியோவின் சிப் சேர்ந்த எஸ்.டி.எம்.32 வரிசையில் டேட்டா சிக்னல் போர்ட் ஏ-யின் 13-ஆம் பின், கிளாக் அதே போர்ட்டின் 14-ஆம் பின், எஸ்.டபிள்யூ.ஓ. போர்ட் பி-யின் 3-ஆம் பின். இவற்றோடு ரீசெட், கிரவுண்ட், மின்னழுத்தக் குறிப்பு ஆகியவை சேரும். கடைசியாகச் சொன்னதில்தான் குழப்பம் அதிகம். நியூக்ளியோவின் சி.என்.4-இல் முதல் பின், உங்கள் போர்டு எந்த மின்னழுத்தத்தில் இயங்குகிறது என்று கருவி அளந்து பார்ப்பதற்கானது. அது மின்சாரம் தராது. மலிவான நகல்களில் 3.3 வோல்ட் என்று எழுதிய பின் மின்சாரம் தரும், அளக்காது. ஏற்கெனவே தனி மின்சாரத்தில் இயங்கும் போர்டோடு அந்தப் பின்னையும் இணைத்தால், இரண்டு மின்மூலங்கள் ஒன்றோடொன்று மோதும்.

கிரவுண்ட் ஒயரை விடக்கூடாது. இரண்டும் ஒரே கணினியின் யு.எஸ்.பி.யில்தானே இருக்கின்றன என்ற நம்பிக்கை வேண்டாம். ஒயர்கள் ஒரு சாணுக்குள் இருப்பது நல்லது. இணைப்பு விட்டு விட்டு அறுந்தால், மென்பொருளைக் குறைசொல்லும் முன் எஸ்.டபிள்யூ.டி. கிளாக்கை 4 மெகாஹெர்ட்ஸிலிருந்து அரை மெகாஹெர்ட்ஸுக்குக் குறைத்துப் பாருங்கள். அதில் சரியானால் குற்றவாளி ஒயர்தான்.

மென்பொருள்

எஸ்.டி. நிறுவனமே தரும் கியூப்ஐடிஇ-யில் பொத்தானை அழுத்தினால் எல்லாம் நடக்கும். இருந்தாலும் ஒருமுறையாவது ஓப்பன்ஓசிடி, ஜி.டி.பி. இரண்டையும் கையால் ஓட்டிப் பார்ப்பது நல்லது. பொத்தான் வேலை செய்யாத நாளில் எங்கே பார்ப்பது என்று அதன் பிறகுதான் புரியும். ஓப்பன்ஓசிடி, டொமினிக் ராத் என்பவர் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் மாணவராக இருந்தபோது 2005-இல் செய்த ஆய்வேட்டிலிருந்து வளர்ந்த திறந்த மென்பொருள். ஒரு பக்கம் யு.எஸ்.பி. வழியே கருவியோடு பேசும். மறுபக்கம் கணினிக்குள் 3333 என்ற போர்ட்டில் ஜி.டி.பி.க்காகக் காத்திருக்கும்.

அதற்கு இரண்டு கோப்புகளைச் சொல்ல வேண்டும்: எந்தக் கருவி, எந்தச் சிப் குடும்பம். நம் விஷயத்தில் எஸ்டி-லிங்க், எஸ்.டி.எம்.32எஃப்4. இரண்டும் அதனுடனேயே வருகின்றன. ஓடவிட்டதும் திரையில் வரும் வரிகளைப் படிக்காமல் தாண்டிப் போகிறவர்களே அதிகம். அவற்றில் இரண்டு வரிகள் முக்கியம். ஒன்று, எதிர்ப்பக்க மின்னழுத்தம் சுமார் 3.2 அல்லது 3.3 என்று காட்டும் வரி. நகல் கருவி அல்லாத ஒன்றில் இங்கே பூஜ்யத்தை ஒட்டிய எண் வந்தால், மின்னழுத்த ஒயர் இணையவில்லை அல்லது போர்டுக்கு மின்சாரம் வரவில்லை. மற்றொன்று, இந்தச் சிப்பில் 6 பிரேக்பாயின்ட், 4 வாட்ச்பாயின்ட் உள்ளன என்ற வரி. அது வந்துவிட்டால் கருவி சிப்பின் மூளையைத் தொட்டுவிட்டது என்று பொருள்.

லினக்ஸில் அனுமதி இல்லை என்று பிழை வந்தால், எல்லாவற்றையும் ரூட்டாக, அதாவது முழு அதிகாரமுள்ள நிர்வாகியாக, ஓட்டத் தொடங்காதீர்கள். ஓப்பன்ஓசிடியுடன் வரும், யு.எஸ்.பி. கருவிக்கு அனுமதி தரும் யுடெவ் விதிக் கோப்பை அதற்குரிய அடைவில் நகலெடுத்து, கேபிளைக் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும். விண்டோஸில் இதே இடத்தில் டிரைவர் பிரச்சினை வரும்.

அடுத்து ஆர்ம் சிப்புகளுக்கான ஜி.டி.பி.யைத் திறந்து 3333 போர்ட்டில் இணைத்து, சிப்பை ரீசெட் செய்து நிறுத்தி, நிரலை ஏற்றி, முதன்மை ஃபங்ஷனில் ஒரு பிரேக்பாயின்ட் வைத்து ஓடவிட வேண்டும். அங்கே நின்றால் பாதி வேலை முடிந்தது. கம்பைல் செய்யும்போது டிபக் தகவலைச் சேர்க்கச் சொல்லியிருக்க வேண்டும். வேகத்துக்கான மேம்படுத்தலைக் குறைத்து வைக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் மாறியைக் கேட்டால் மதிப்புக்குப் பதில், கம்பைலர் அதை நீக்கிவிட்டது என்ற பதிலே வரும். வரிக்கு வரி நகர்த்தினால் அம்பு முன்னும் பின்னும் தாவும்.

ஓடவிட்டுப் பார்ப்பது

இப்போது டிரேஸ். நான்கு இடங்களில் கதவு திறந்திருக்க வேண்டும். பிராசஸரின் டிபக் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரில் (அமைப்புகளை வைத்திருக்கும் சிறு நினைவிடம்) 24-ஆம் பிட் ஒன்றாக இருந்தால்தான் டி.டபிள்யூ.டி.யும் ஐ.டி.எம்.மும் விழிக்கும். எஸ்.டி.எம்.32-இன் சொந்த டிபக் ரெஜிஸ்டரில் டிரேஸ் பின்னுக்கு அனுமதி தர வேண்டும். ஐ.டி.எம்.மில் நாம் எழுதும் சேனலைத் திறக்க வேண்டும். கடைசியாக, வெளியேறும் வேகத்தை நிர்ணயிக்கும் வகுக்கும் எண்ணைச் சரியாக வைக்க வேண்டும். இவற்றைக் கருவியின் மென்பொருளே செய்துவிடும்; நாம் அதற்குச் சொல்ல வேண்டியவை இரண்டு எண்கள்தான். சிப்பின் கிளாக் எவ்வளவு, எஸ்.டபிள்யூ.ஓ. வேகம் எவ்வளவு. ஓப்பன்ஓசிடியில் இதற்கான கட்டளை பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. பழைய வழிகாட்டியில் உள்ள ஒற்றை வரி புதிய பதிப்பில் எடுபடாவிட்டால், உங்களிடம் உள்ள பதிப்பின் கையேட்டையே பாருங்கள்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் அந்த முதல் எண். எஸ்டி-லிங்க் வி2 வகைகள் எஸ்.டபிள்யூ.ஓ.வை நொடிக்கு 20 லட்சம் பிட் வரைதான் பிடிக்கும். 84 மெகாஹெர்ட்ஸை 42-ஆல் வகுத்தால் அந்த வேகம் சரியாகக் கிடைக்கிறது. ஆனால் இந்தச் சிப், மின்சாரம் வந்ததும் 16 மெகாஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது; உங்கள் நிரல் கிளாக்கை அமைக்கும் வரி வந்த பிறகே 84-க்குப் போகிறது. ஆகவே 84 என்று சொல்லி அமைத்தால், கிளாக் மாறுவதற்கு முன் அனுப்பிய எழுத்துகள் 16-ஐ 42-ஆல் வகுத்த வேகத்தில், அதாவது நொடிக்கு 4 லட்சத்துக்கும் குறைவான பிட்டில் போய்க் குப்பையாக வந்து சேரும். மாறாக, கிளாக்கை மாற்றாத நிரலுக்கு 84 என்று சொல்லியிருந்தால், கடைசிவரை உருப்படியாக ஓர் எழுத்துகூட வராது. பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் கொடுமை. கியூப்ஐடிஇ பயன்படுத்துகிறவர்களுக்கும் இதே எண் டிபக் அமைப்புப் பக்கத்தில் உண்டு. அங்கே கூடுதலாக ஒரு பொறி: டிரேஸ் சாளரத்தைத் திறந்தால் மட்டும் போதாது, அதிலுள்ள சிவப்புப் பதிவுப் பொத்தானையும் அழுத்த வேண்டும்.

நிரலில் எழுத வேண்டியது மிகக் குறைவு. ஆர்ம் தரும் சிம்சிஸ் தலைப்புக் கோப்பில், பூஜ்யமாம் சேனலில் ஓர் எழுத்தை அனுப்பும் ஃபங்ஷன் தயாராக இருக்கிறது. ஐ.டி.எம். அணைந்திருந்தால் அது எதுவும் செய்யாமல் திரும்பிவிடும். ஆகவே கருவி இல்லாமல் தனியாக ஓடும்போதும் நிரல் அங்கே மாட்டிக்கொள்ளாது. வழக்கமான அச்சிடும் ஃபங்ஷனின் அடிமட்ட எழுதும் பகுதியை இதற்குத் திருப்பிவிட்டால், பழைய வரிகள் அப்படியே புதிய வழியில் வரும்.

இந்த வழியில் செலவே இல்லை என்று எழுதுகிறவர்கள் உண்டு, நம்ப வேண்டாம். ஓர் எழுத்து, அதன் தலைப்பு பைட்டோடு சேர்ந்து இரண்டு பைட் ஆகிறது. 20 லட்சம் பிட் வேகத்தில் அதற்கு 10 மைக்ரோவிநாடி. 40 எழுத்துள்ள வரிக்கு 400 மைக்ரோவிநாடி. நடுவில் உள்ள தாங்கு நினைவகம் (பஃபர்) மிகச் சிறியது. அது நிரம்பினால் அந்த ஃபங்ஷனும் காத்து நிற்கவே செய்யும். மூன்றரை மில்லிவிநாடியோடு ஒப்பிட்டால் பெரிய இலாபம்தான், ஆனால் இலவசம் அல்ல. உண்மையான ஆதாயம் வேறிடத்தில் இருக்கிறது. எண்ணை எழுத்தாக மாற்றி வாக்கியமாக அனுப்பாமல், நான்கு பைட் எண்ணாகவே வேறொரு சேனலில் ஒரே தடவையில் எழுதிவிட்டால், மொத்தம் ஐந்து பைட், 25 மைக்ரோவிநாடி. தாங்கு நினைவகம் காலியாக இருந்தால் பிராசஸர் அதற்காக நிற்பதே இல்லை. சேனல் பூஜ்யத்தில் உரை, சேனல் ஒன்றில் மோட்டார் வேகம், இரண்டில் சென்சார் என்று பிரித்துக்கொண்டு கணினியில் வரைபடமாக்கலாம்.

நிரலில் ஒரு வரிகூடச் சேர்க்காமல் கிடைக்கும் தகவலும் உண்டு. டி.டபிள்யூ.டி.யிடம் சொல்லிவைத்தால், குறிப்பிட்ட சுற்றுகளுக்கு ஒருமுறை பிராசஸர் எந்த முகவரியில் இருக்கிறது என்று தானே அனுப்பும். நேரம் எந்த ஃபங்ஷனில் கரைகிறது என்று இதைத் தொகுத்தால் தெரிந்துவிடும். இங்கேயும் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு மாதிரிக்கு ஐந்து பைட். 1,024 சுற்றுக்கு ஒருமுறை என்றால், நொடிக்கு 82,000 மாதிரிகள், 4 லட்சம் பைட்டுக்கு மேல். நம் ஒயரில் நொடிக்கு 2 லட்சம் பைட்தான் போகும். வழிந்து கொட்டும். 16,384 சுற்றுக்கு ஒருமுறை என்று வைத்தால் நொடிக்கு ஐயாயிரத்துச் சொச்சம் மாதிரிகள், 26,000 பைட்டுக்குள் அடங்கும். உரைக்கும் எண்களுக்கும் தாராளமாக இடம் மிஞ்சும். இன்டரப்ட்கள் நுழைவதும் வெளியேறுவதும்கூட இதே வழியில் வரும்படி அமைக்கலாம்.

இணைப்பு மறுக்கும்போது

நேற்றுவரை ஒழுங்காக இணைந்த போர்டு இன்று பேச மறுத்தால், பெரும்பாலும் புதிதாக ஏற்றிய நிரல்தான் காரணம். டிபக் பின்களை அது சாதாரண வெளியீட்டுப் பின்களாக மாற்றியிருக்கும், அல்லது சிப்பை ஆழ்ந்த உறக்கத்தில் தள்ளியிருக்கும். ரீசெட் ஒயரும் இணைக்கப்பட்டிருந்தால் ரீசெட்டை அழுத்திய நிலையிலேயே இணைக்கும் வசதி கைகொடுக்கும். நிரல் ஓடத் தொடங்குமுன் கருவி உள்ளே நுழைந்துவிடும். ரீசெட் ஒயர் தேவையில்லை என்று சொல்லும் படங்களைப் பார்த்து அதை விட்டுவிட்டவர்கள் இங்கே வருந்துவார்கள். டிபக் வேலை செய்கிறது, எஸ்.டபிள்யூ.ஓ. மட்டும் வரவில்லை என்றால், போர்ட் பி-யின் 3-ஆம் பின்னை எஸ்.பி.ஐ. (சென்சார் போன்றவற்றோடு பேசும் இணைப்பு) போன்ற வேறெதற்காவது கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

பிரேக்பாயின்ட்டில் நின்ற சில விநாடிகளில் சிப் தானே ரீசெட் ஆகிறதென்றால் அது, நிரல் உறைந்துபோனால் சிப்பை ரீசெட் செய்யும் வாட்ச்டாக் டைமர். பிராசஸர் நின்றாலும் அது நிற்காது. நிற்கும்போது அதையும் உறையவைக்கும் பிட், சிப்பின் டிபக் ரெஜிஸ்டர்களில் உண்டு. ஓப்பன்ஓசிடியின் எஃப்4 கோப்பு இதைத் தானாகவே செய்துவிடுகிறது. வேறு மென்பொருளில் நீங்கள்தான் செய்ய வேண்டியிருக்கும். மோட்டாரை ஓட்டும் டைமரும் இதே போலத்தான். பிராசஸர் நின்ற பிறகும் கடைசியாகச் சொன்ன பல்ஸை அது அனுப்பிக்கொண்டே இருக்கும். மின்னோட்டத்தைக் கண்காணிக்க வேண்டிய நிரலோ நின்று கிடக்கும். மோட்டாருக்கு மின்னோட்டம் தரும் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் புகைவது இப்படித்தான். மோட்டார் இணைந்திருக்கும்போது பிரேக்பாயின்ட்டைத் தொடாமல் டிரேஸை மட்டும் பயன்படுத்துவது நல்லது.

சிப்பில் உள்ள நிரலை வெளியார் படிக்காமல் தடுக்கும் வாசிப்புப் பாதுகாப்பு என்ற அமைப்பில் விளையாடும் முன் கையேட்டைப் படித்துவிடுங்கள். எஃப்4 வரிசையில் முதல் நிலையிலிருந்து பூஜ்யத்துக்குத் திரும்பினால் ஃபிளாஷ் முழுவதும் அழியும். நிரலை மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். இரண்டாம் நிலைக்குப் போனால் எஸ்.டபிள்யூ.டி. நிரந்தரமாக மூடப்படும். பிறகு எந்தக் கருவியை வாங்கினாலும் அந்தச் சிப் திறக்காது. கழற்றிவிட்டுப் புதியதை சாலிடர் செய்ய வேண்டியதுதான்.